வெள்ளிக் கண் வைத்த செப்புக் காசு

பெரியவர் வீட்டுக் குசினியில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டு நின்றபோது முன்னறையில் மகள் இருமுவது கேட்டது. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம், கூடவே ஒரு ஓங்காளம். அது தடிமன் இருமல் இல்லை என்பது என் மூளைக்கு எட்ட முதல் கால்களுக்கு எட்டிவிட்டது. கத்தியைக் கையில் பிடித்தபடியே ஓடினேன்.

மகள் மேசையோடு இருந்த கதிரையில் முழங்காலில் நின்றாள். முகம் இரத்தச் சிவப்பு. கண்ணில் நீர் முட்டி நின்றது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கத்தியை எங்கே எறிந்தேன் என்று தெரியாது. அவளைத் தூக்கி என் தொடையில் குப்புறப் போட்டு முதுகில் அடித்தேன். ஒன்றும் விழவில்லை. மறுபடி அடித்தேன். அப்போது அவள் வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. மூச்சு இருக்கிறது, முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முடியவில்லை. எச்சிலை விழுங்க மறுத்தாள். அது நாடியால் வழிந்து சட்டையை நனைத்தது. ஒரு விரலைத் தொண்டைக் குழியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னத்தை விழுங்கினனீ, குஞ்சு? அம்மாட்டச் சொல்லு."

"கண்," என்றாள். "கண் உள்ளுக்குப் போட்டுது." பிறகு, எனக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து டொச் பாஷையிலும் சொன்னாள். "அவுகெ."

அவுகெ என்றாலும் கண்தான். யாருடைய கண்ணை விழுங்கினாள்?

அப்போது அவளுக்கு மூன்று வயது கடந்திருந்தது. ஜேர்மனியின் எசன் நகரத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். அன்று காலை கிண்டர்கார்டனில் ஆசிரியைகள் பாதிப்பேருக்குக் காய்ச்சல் என்று கதவைப் பூட்டிவிட்டார்கள். கணவர் இவருக்கோ காலை வேலைமுறை. அலுவலகத்துக்குத் தொலைபேசி அடித்துக் கேட்டேன். "அந்த வீட்டுப் பெரியவருக்குச் சம்மதம் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள்," என்றார்கள். பெரியவருக்கு அடித்தேன். "கட்டாயம் கொண்டு வாருங்கள். எனக்கும் கதைக்க ஒரு ஆள் கிடைக்கும்," என்றார்.

எண்பது வயதைத் தாண்டியவர். உலோகத் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. முழங்கால்கள் இரண்டும் பழுது. சில்லுப் பூட்டிய நடைவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் திரிவார். குனிந்தால் நிமிர ஏலாது, நிலத்தில் இருந்தால் எழும்ப ஏலாது. அவர் குளிக்கவும் சமைக்கவும் நான் உதவினேன். மற்ற நேரமெல்லாம் அவர் காசோடு இருந்தார்.

செலவழிக்கிற காசு இல்லை. அமெரிக்கா சுதந்திரமடைந்து முதன்முதலாக நாணயச் சாலை தொடங்கிய காலத்தில், எந்தக் காசை வெளியிடுவது என்று முடிவெடுக்க முதல், பரீட்சித்துப் பார்க்க அடித்த மாதிரிக் காசுகள். அவற்றின் படங்கள், அளவுகள், அவற்றைப் பற்றிய தடித்த புத்தகங்கள். உண்மையான காசு ஒன்றும் அவரிடம் இல்லை. "ஒன்றை வாங்குவதென்றால் இந்தத் தெரு முழுவதையும் விற்கவேண்டும்," என்று சிரிப்பார். இளம் வயதில் வேலையாக அமெரிக்கா போனபோது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றைப் பார்த்தாராம். அன்று பிடித்த பைத்தியம்.

அதன் படத்தை எனக்கும் காட்டியிருக்கிறார். ஒரு பக்கத்தில் ஒரு பெண்ணின் தலை, முடி அவிழ்ந்து பின்னால் பறக்கிறது. அவருக்கு அது சுதந்திரம். எனக்குச் செத்தவீட்டில் தலைவிரிகோலமாய் நிற்கிற ஒருத்தியாகத் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. காசு செம்பு, நடுவில் ஒரு சின்ன வெள்ளிப் பொட்டு. ஒரு சதம் பெறுமதிக்குச் செம்பிலேயே காசு அடித்தால் அது கனத்துப் பெருத்துப்போகும். அதனால் செம்பைக் குறைத்து, நடுவில் துளையிட்டு, குறைந்துபோன பெறுமதியை ஈடுகட்ட வெள்ளியை அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கையால் வெள்ளி அடைக்கவேண்டும், சரிவரவில்லை. வெள்ளியைச் செம்போடு உருக்கிக் கலந்தும் பார்த்தார்களாம். அப்போது பார்க்கிற கண்ணுக்கு வெறும் செம்பு மாதிரியே இருந்தது, உள்ளே வெள்ளி இருக்கிறதென்று யார் நம்புவார்கள்? கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டுப் பெரிய செப்புக் காசையே அடித்தார்கள். அந்த மாதிரிகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் உலகத்தில் மிச்சம்.

வாங்க முடியாத காசைப் பெரியவர் தானே செய்து பார்த்தார். செப்புத் தகட்டில் வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டு, வெள்ளிக் கம்பித் துண்டை வைத்து நசுக்குவார். சிலது பிதுங்கி விழும், சிலது பிடிக்கும். தலையும் எழுத்தும் இல்லாத மொட்டைக் காசுகள். அவற்றைச் சின்ன மின்தராசில் நிறுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார்.

அன்று அந்த டப்பா மேசையில் திறந்து கிடந்தது. மகளை மடியிலிருந்து இறக்கிய பிறகுதான் மேசையைச் சரியாகப் பார்த்தேன். மொட்டைக் காசுகள் பரவிக் கிடந்தன. பக்கத்தில் தராசு கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகு மூடி திறந்திருந்தது.

வாசலில் பொதி கொண்டுவந்தவன் மணி அடித்திருக்கிறான். பெரியவர் நடைவண்டியோடு மெல்லப் போய்க் கதவைத் திறந்திருக்கிறார். அந்த இடைவெளிக்குள்தான் நடந்தது. அவர் பொதியோடு திரும்பி வந்து எங்களைக் கண்டு அப்படியே நின்றார்.

"என்ன நடந்தது?"

"எதையோ விழுங்கிவிட்டாள். மேசையில் என்ன குறைகிறது?"

அவர் டப்பாவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. "எனக்குத் தெரியவில்லை," என்றார். "எண்ணி வைக்கவில்லையே."

அவசர இலக்கத்துக்கு அடித்தேன். அம்புலன்ஸில் வந்த இருவரில் மூத்தவர் மகளின் வாயைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். காசாக இருக்கலாம் என்று சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு கவிழ்ந்து கிடந்த தராசைக் கண்டார்.

"இதற்குள் இருந்த க்னொப்ஸெல்லெ எங்கே?"

எனக்கு அந்தச் சொல் தெரியாது. க்னொப் என்றால் பொத்தான். சட்டைப் பொத்தானைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன், மனசு ஒரு கணம் ஆறியது. பொத்தான்தானே, வெளியே வந்துவிடும். ஆனால் பெரியவரின் முகம் சாம்பலாகிப் போனதைக் கண்டேன்.

"பற்றரி," என்றார் பெரியவர். "புதியது மாற்றினேன்... மாற்றிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. புதியது இன்னும் உறைக்குள்தான். பழையதை மேசையில் வைத்தேன். இங்கேதான் வைத்தேன்."

மேசையில் பற்றரி இல்லை.

மூத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "வீட்டில் தேன் இருக்கிறதா?" என்று கேட்டார். பிள்ளை சாகக் கிடக்கிறாள், இந்த மனிதன் தேன் கேட்கிறானே என்றிருந்தது. குசினியில் எடுத்துக் கொடுத்தேன். அம்புலன்ஸில் போகிறபோது சிறு கரண்டியால் அவள் நாக்கில் தடவிக்கொண்டே வந்தார். பற்றரி தொண்டையில் மாட்டினால் உள்ளே சுட்டுத் துளை போட்டுவிடும், தேன் அதைக் கொஞ்சம் பிந்த வைக்கும் என்றார். "எவ்வளவு நேரத்தில் சுடும்?" என்று கேட்டேன். அவர் சாரதிப் பக்கம் திரும்பி, "சைரனைப் போடு," என்றார்.

அந்தச் சத்தத்தை வீட்டு யன்னலில் நின்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். யாருக்கோ என்னவோ என்று நினைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். உள்ளே இருந்து கேட்கிறபோது அது வேறு சத்தம். மகளின் கையைப் பிடித்திருந்தேன். தேனும் எச்சிலும் வழிந்து அவள் கை ஒட்டியது. வாயில் தேவாரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் இரண்டாம் வரிக்கு மேல் வரவில்லை. அதே இரண்டு வரியைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் மருத்துவர் ஒருத்தர் பொறுப்பெடுத்தார். "என்ன விழுங்கினாய், செல்லம்?" என்று மகளிடம் கேட்டார்.

"அவுகெ," என்றாள் மகள்.

மருத்துவர் குனிந்து அவளுடைய கண் இமைகளைத் தூக்கிப் பார்த்தார். "கண்ணில் ஏதும் பட்டதா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு டொச் மறந்துவிட்டது. பொய்யில்லை. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்து, பரீட்சை எழுதி, வேலை எடுத்து, அலுவலகங்களில் சண்டை பிடித்த பாஷை வாயை விட்டுப் போய்விட்டது. "இல்லை" என்பதைக்கூடத் தமிழில்தான் சொன்னேன். அவர் என் தலை ஆட்டலைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

எக்ஸ்றே படம் திரையில் வந்தது. கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில், என் பிள்ளையின் சின்ன எலும்புகளுக்கு மேல், ஒரு வெள்ளை வட்டம். மருத்துவர் கிட்டப் போய்ப் பார்த்தார். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், அதைவிட வெள்ளையாக.

"சாதாரண காசு என்றால் முழுவதும் ஒரே மாதிரித் தெரியும்," என்றார். "இதற்குள் இன்னொரு வட்டம் இருக்கிறது. பற்றரியிலும் இரட்டை வட்டம்தான் தெரியும். அது ஓரத்தோடு இருக்கும், இது நடுவில் இருக்கிறது. எனக்கு நிச்சயமில்லை."

"அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டேன். அதுவும் தமிழில்.

அவர் என் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். பற்றரி என்றால் இரண்டு மணித்தியாலத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதனால் பற்றரி என்றே வைத்துக்கொண்டு உடனே மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுக்கப் போகிறோம், காலையில் சாப்பிட்டிருக்கிறாள் என்பதால் மயக்கம் கொடுப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. இதையெல்லாம் மெதுவாக, சொல்லுச் சொல்லாகச் சொன்னார். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

இவருடைய வேலையிடத்தில் தொலைபேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். மேற்பார்வையாளருக்கு அடித்தேன், அவர் போய் இவரைத் தொலைபேசிக்குக் கூட்டிவந்தார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை என்னவோ விழுங்கிப்போட்டாள். ஆஸ்பத்திரியில நிக்கிறம்."

"மூச்சு விடுறாளோ?"

"ஓம்."

"நான் வாறன். நீர் அழாதையும். பிள்ளைக்கு முன்னால அழாதையும், கேட்டதோ?"

நான் அழவில்லை. அவருடைய குரல்தான் உடைந்திருந்தது.

பிறகு பெரியவருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். நீண்ட நேரத்துக்குப் பிறகு ஏதோ உருண்டு விழுகிற சத்தம், பிறகு அவருடைய மூச்சு.

"பற்றரி கிடைத்துவிட்டது," என்றார். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. "பழையது. ஹீற்றருக்குக் கீழே உருண்டு போயிருந்தது. என் கையில் இருக்கிறது. அவள் விழுங்கியது காசு. கேட்கிறதா? காசு."

மருத்துவருக்கும் கேட்கும்படி தொலைபேசியின் ஒலியைக் கூட்டினேன். செம்பின் நடுவில் வெள்ளி அடைத்திருக்கிறேன், எக்ஸ்றேயில் வெள்ளி இன்னும் வெளிச்சமாகத் தெரியும் என்று பெரியவர் சொன்னார். மகள் கண் என்று சொல்வதை மருத்துவர் சொன்னதும் பெரியவர் குறுக்கிட்டார். "அது அந்தக் காசுக்கு அவள் வைத்த பெயர். நடுவில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதே. காலை முழுக்க நாங்கள் இருவரும் அவற்றைக் கண் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்."

எனக்கு உயிர் வந்தது. மருத்துவர் அப்படி இளகவில்லை. "நல்ல செய்திதான், ஐயா," என்றார். "ஆனால் உங்கள் கையில் இருப்பது இன்றைக்குக் கழற்றிய பற்றரிதானா, எப்போதோ விழுந்த வேறொன்றா என்று எனக்குத் தெரியாது. நான் பிந்தப் போவதில்லை."

"வேண்டாம்," என்றார் பெரியவர் உடனே. "பிந்தவேண்டாம். நீங்கள் சொல்வதுதான் சரி."

"நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று அவரிடம் கேட்டேன். அவர் மூச்சு அவ்வளவு இரைத்தது.

"மேசைக்குக் கீழே," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். "நீங்கள் பிள்ளையைப் பாருங்கள்."

மகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் என்னை விட்டார்கள். அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. களைத்துப்போய், விரலில் பூட்டியிருந்த கருவியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு போனாள்.

வெளியே கதிரையில் இருந்தபோது ஒரு பெண் வந்து பக்கத்தில் அமர்ந்தார். வெள்ளை உடுப்பு இல்லை, கழுத்தில் அடையாள அட்டை. ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பிரிவு என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் மற்றப் பயம் வந்து உட்கார்ந்தது. யூகன்ட் அம்ற் என்ற அரச அலுவலகத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைக்காத கொண்டாட்டம் இல்லை. பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை என்றால் வந்து கூட்டிப்போய்விடுவார்கள், பிறகு வேறு வீட்டில் வளரும், தமிழ் மறந்துவிடும், உன்னைத் தெரியாது என்று சொல்லும். அரைவாசி கட்டுக்கதை என்று தெரியும். அந்தக் கதிரையில் இருந்தபோது முழுவதும் உண்மையாக இருந்தது. எங்கே நடந்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்கப் போகிறார். குசினியில் நின்றேன். உருளைக்கிழங்கு சீவினேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இன்றிரவு மகளை இங்கே வைத்திருப்பார்கள்," என்றார் அவர். "அம்மாவுக்கும் பக்கத்தில் கட்டில் போடவா? சாப்பாட்டில் இறைச்சி சேர்ப்பீர்களா?"

அதற்குத்தான் வந்திருக்கிறார். அப்போதுதான் அழுதேன். அவர் தன் கைப்பையைத் துழாவிக் கைலேஞ்சி எடுத்துத் தந்தார்.

இவர் வேலை உடுப்போடு ஓடிவந்து சேர்ந்த நேரமும் மருத்துவர் கதவைத் திறந்த நேரமும் ஒன்று. மருத்துவரின் கையில் மூடி போட்ட சின்னப் பிளாஸ்ரிக் கிண்ணம். உள்ளே ஈரமாக ஒரு செப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் பொட்டு. "காசுதான்," என்றார். "தொண்டையில் கொஞ்சம் உரசல், வேறு ஒன்றுமில்லை. இப்படி ஒரு காசை நான் கண்டதில்லை." வேண்டுமா என்று நீட்டினார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில எழுத்துமில்லை, தலையுமில்லை. என்ன காசப்பா இது?" என்றார். அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெம்பு இல்லை.

மகள் கண் விழித்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் நித்திரையான பிறகுதான் அது தலையில் அடித்தது போல வந்தது. மேசைக்குக் கீழே. அந்த மனிதனுக்கு நிலத்தில் இருந்தால் எழும்ப ஏலாது.

பெரியவருக்குத் திரும்பவும் அடித்தேன். "பிள்ளை சுகம்?" என்று கேட்டார். குரல் மிகவும் தூரத்தில் இருந்து வந்தது.

"சுகம். காசுதான். எடுத்துவிட்டார்கள். நீங்கள் எழும்பிவிட்டீர்களா?"

நிலத்தில் ஏதோ உராய்கிற சத்தம் கேட்டது.

"எழும்பிவிட்டீர்களா?"

"இப்போது யாரையாவது அனுப்புங்கள்," என்றார்.

அலுவலகத்துக்கு அடித்தேன். அந்தப் பக்கத்தில் வேலையில் நின்ற என் சிநேகிதி வீட்டுத் திறப்போடு ஓடினாள். அவள் பிறகு சொன்னாள். பற்றரியைத் தேடி முழங்காலில் இறங்கியவர் சரிந்து இடுப்பில் விழுந்திருக்கிறார். நான் அடித்தபோது தொலைபேசியை வயரில் பிடித்து இழுத்து விழுத்தி எடுத்திருக்கிறார். அவர் கழுத்தில், ஆபத்தில் ஆள் கூப்பிடுகிற உதவிப் பொத்தான் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அமத்தவில்லை. அமத்தினால் அது தொலைபேசித் தொடர்பைப் பிடித்துக்கொள்ளும், ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் ஏதும் கேட்டால் யார் பதில் சொல்வது என்று நினைத்தாராம். குளிர்ந்த நிலத்தில், ஒரு கையில் பற்றரியோடும் மறுகையில் தொலைபேசியோடும் அவ்வளவு நேரமும் படுத்திருந்திருக்கிறார்.

அவரையும் அன்று ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார்கள். எலும்பு முறியவில்லை, இடுப்பு கறுத்துக் கண்டிப்போயிருந்தது. அவருக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் எந்தப் பக்கம் பயப்படுவது என்று தெரியாமல் அன்றிரவைக் கழித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் றிமோற், பாட்டுப் பாடும் பொம்மை, சமையல் தராசு, எல்லாவற்றின் முதுகிலும் ஒட்டுநாடா சுற்றினேன். மகள் இருமினால் எங்கே நின்றாலும் நெஞ்சு நின்று அடித்தது. "இனிப் பிள்ளைய அங்க கொண்டு போகாதையும்," என்றார் இவர். நானும் கொண்டு போகவில்லை.

மகள்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள், அந்தத் தாத்தா எங்கே என்று. அவரும் என்னிடம் வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் நான் அங்கே போகிற ஒவ்வொரு நாளும் என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று கதவைப் பார்த்தார். டப்பா, தகடு, தராசு எல்லாவற்றையும் உள்ளறையில் வைத்துப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டார். "வேண்டும்போது நீங்களே திறந்து விடுங்கள்," என்றார். பல கிழமைகளாக அவர் கேட்கவில்லை.

குளிர் குறைந்த ஒரு சனிக்கிழமை, இவரையும் சம்மதிக்கப் பண்ணி, மூன்று பேருமாகப் போனோம். பெரியவர் மேசையைத் துடைத்து வெறுமையாக வைத்திருந்தார். மகள் நேரே போய் அவருக்கு எதிரில் கதிரையில் ஏறி, "கண் எங்கே?" என்று கேட்டாள்.

"கண் எல்லாம் நித்திரை," என்றார் அவர்.

அவளுக்கு விளையாட அகப்பையும் தேத்தண்ணி வடியும் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் மேசையில் தட்டத் தொடங்கினாள். பெரியவர் இரண்டு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டு அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கதைத்தாலும் எங்களுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பார்வை அங்கே போய்விடும். இவர் அதைக் கவனித்தார். கொஞ்ச நேரத்தில் தன் கதிரையை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு, "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஆறுதலாக இருங்கள்," என்று தன்னுடைய அரைகுறை டொச்சில் அவருக்குச் சொன்னார்.

பெரியவர் தலையை ஆட்டினார். ஆனால் பார்வையை எடுக்கவில்லை. நான் சூப்பைக் கொண்டுவந்து வைத்தபோது, மகளின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, உருளைக்கிழங்கை முள்ளுக்கரண்டியால் மாவாக நசுக்கிவிட்டுத்தான் அவளிடம் தள்ளினார்.